பொட்டு வைத்த கணினி

எங்கள் குடியிருப்பின் வாசல் அறையிலிருக்கும் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் முதலில் வெளியே வந்தது நாற்றம்தான். காய்ந்த சாமந்தி, கரப்பான் புழுக்கை, ஊசிப்போன சந்தனம் எல்லாம் சேர்ந்து வருடக்கணக்காகச் சூட்டில் வெந்த நாற்றம். உள்ளே சுழல வேண்டிய காற்றாடியின் இறக்கைகளில் தூசி கம்பளி மாதிரி ஏறியிருந்தது. மூலையில் பல்லி முட்டையின் ஓடு. அடித்தகட்டில் எறும்பு இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்த ஆயுத பூஜைப் பொரி, ஒரு பிடி இருக்கும்.

மேல் தகட்டில் வரிசையாக ஆறு பொட்டு. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ஒன்று. காவலாளி ஈரத்துணியால் பெட்டியைச் சுற்றித் துடைப்பார், ஆனால் பழைய குங்குமத்தைத் துடைக்க அவருக்கு மனம் வராது. அதற்குப் பக்கத்தில் நாங்கள் புதுச் சந்தனம் வைத்துப் புதுக் குங்குமம் வைப்போம். முதல் பொட்டுக்கும் இரண்டாவது பொட்டுக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கணினியைப் புதுப்பிப்பது நின்றுபோனது. நின்றுபோனது என்று எழுதுவது எனக்கு எத்தனை சுலபமாக வருகிறது. நான் நிறுத்தினேன்.

நான் ஆவடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் ஆசிரியை. வீடு அயனம்பாக்கத்தில், ஏரியை ஒட்டிய தெருவில், இருபத்துநான்கு வீடுகள் கொண்ட மூன்று மாடிக் குடியிருப்பு. பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வருடா வருடம் ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி கொடுப்பேன்: இயங்குதளத்தையும் மென்பொருள்களையும் அவ்வப்போது புதுப்பிப்பது ஏன் அவசியம்? விடையை நானே கரும்பலகையில் எழுதிப்போடுவேன். அதில் ஒரு வரியை மட்டும் இரண்டு முறை அடிக்கோடிடுவேன். யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளில் ஓட்டை ஒன்று தெரியவந்தால் அதை யாரும் மூடி மறைப்பதில்லை. ஊரறிய அறிவித்து, அடைக்கும் வழியையும் கூடவே இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த அறிவிப்பை வீட்டுக்காரனும் படிக்கிறான், திருடனும் படிக்கிறான். இந்தப் பூட்டு இப்படித்தான் திறக்கும் என்று தெருவெல்லாம் சொன்ன பிறகும் அதே பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பவனுக்குப் பரிதாபப்பட ஒன்றும் இல்லை என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். எழுதிய எல்லோருக்கும் ஐந்துக்கு ஐந்து போடுவேன்.

வாசல் கணினி வந்த கதை எளிது. ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் கேமராக்களின் பதிவுப் பெட்டி எரிந்துபோனது. என் கணவரின் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பழைய கணினி ஒன்று கிடைத்தது. அதில் கட்டற்ற இயங்குதளம் ஒன்றையும், கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் கட்டற்ற மென்பொருள் ஒன்றையும் நான் நிறுவினேன். ஆறு கேமரா. வாசலில் ஒன்று, வண்டி நிறுத்துமிடத்தில் ஒன்று, பின்சுவர்ப் பக்கம் ஒன்று, மாடிக்கு ஒன்றாகப் படிக்கட்டுத் திருப்பங்களில் மூன்று. எல்லோரும் தங்கள் கைபேசியிலேயே பார்க்க வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். அதற்காக இணையம் வழியே வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வழியும், ஒரு பாஸ்வேர்டும் அமைத்துக் கொடுத்தேன். முதல் வாரம் எல்லோரும் பார்த்தார்கள். அப்புறம் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. வழி மட்டும் திறந்தே இருந்தது. பொங்கல் விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

முதல் வருடம் ஒழுங்காகத்தான் இருந்தேன். ஞாயிறு காலை கீழே போய், திரையின் மூலையில் காத்திருக்கும் அப்டேட்களைப் போட்டுவிட்டு, ஒரு முறை அணைத்து இயக்கிவிட்டு வருவேன். பத்து நிமிட வேலை. ஒரு ஞாயிறு அப்படிப் போட்டதில் கேமராப் படங்கள் வராமல் போயின. சரிசெய்ய இரண்டு மணி நேரம் ஆனது. அதே நேரத்தில் முதல் மாடியில் செயலாளர் வீட்டில் அவருடைய பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். வாசலில் விட்ட செருப்புகளில் மாப்பிள்ளையின் தாய்மாமன் புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு வந்த தோல் செருப்பு காணாமல் போய்விட்டது. பதிவைப் பார்க்கலாம் என்று ஓடி வந்தார்கள். பதிவு இல்லை.

அன்று மதியம் வாட்ஸப் குழுவில் நடந்ததை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. "மேடம், நல்லா ஓடிக்கிட்டிருக்கிற மெஷின்ல எதுக்கு மேடம் கை வெக்கறீங்க? ஸ்கூல்ல உங்களுக்குப் பசங்க பத்தலையா?" என்று செயலாளர் எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். எதிர்வீட்டில், தினமும் என்னிடம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போகிறவளும் ஒரு கட்டை விரல் வைத்தாள்.

காவலாளி மட்டும்தான் என் பக்கம். நூம்பலிலிருந்து சைக்கிளில் வருகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். "வுடுமா. ஒரு செருப்புக்கு இன்னா ரவுசு பண்ணிகினு கீறாங்கோ. அந்த மாமன் வரும்போதே வெறுங்காலோட வந்தானோ இன்னாவோ, யாரு கண்டா?" என்றார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையோடேயே உட்கார்ந்து, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை நிறுத்தினேன். புதுப்பிக்கச் சொல்லி வரும் அறிவிப்பையும் நிறுத்தினேன். இனி ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்று ஒரு ரோஷம். ஒரு தாய்மாமன் செருப்புக்காக.

அதன் பிறகு ஐந்து வருடம் அந்த இயந்திரம் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் ஓடியது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அதன் முன் வாழைக்கன்று கட்டினோம். பொரியும் பொட்டுக்கடலையும் வைத்தோம். வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். கேமராக்களுக்குக்கூட ஏணி போட்டு ஏறிச் சந்தனம் வைத்தார் காவலாளி. கடைசிப் பூஜையன்று நான் குங்குமத் தட்டோடு குனிந்தபோது திரையில் ஒரு அறிவிப்பு நின்றது. இந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிந்துவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்றது அது. குங்குமம் ஒட்டிய விரலாலேயே சுட்டியை நகர்த்தி அதை மூடினேன். பின்னால் கற்பூரத் தட்டோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். சுட்டியின் இடது பொத்தானில் ஒரு சிவப்புத் தீற்றல் விழுந்தது. அது இன்னமும் போகவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கரை மணிக்கு மகள் கல்லூரியிலிருந்து வந்தாள். பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வழக்கமாகப் பையைச் சோபாவில் எறிந்துவிட்டுச் சமையலறைக்கு வருகிறவள், அன்று பையை மாட்டியபடியே நின்றாள்.

"அம்மா, இது நம்ம படிக்கட்டா பாரு."

கைபேசியை நீட்டினாள். அவளுடைய வகுப்புத் தோழி அனுப்பிய இணையப் பக்கம். உலகத்தில் எங்கெங்கோ பூட்டாமல் கிடக்கும் கேமராக்களைத் திரட்டிக் கடை விரித்திருந்தார்கள். கோழிப்பண்ணை, துணிக்கடை, யாருடையதோ தொட்டில். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எங்கள் எண்ணுக்குக் கீழே மூன்றாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பம். எதிர்வீட்டின் மிதியடி. எங்கள் செருப்பு ஸ்டாண்டு. அதன்மேல் என் ஹெல்மெட்.

"ஏதாவது பழைய ஃபோட்டோவா இருக்கும்டி" என்றேன்.

"நீ போய் அங்க நில்லு."

கதவைத் திறந்து கேமராவின் கீழே போய் நின்றேன். என்ன செய்வது என்று தெரியாமல் வலது கையைத் தூக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"தெரியுது. கையத் தூக்கறே. இறக்கு."

நான் இறக்கவில்லை என்று நினைக்கிறேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் மூன்று மாடியும் ஓடி இறங்கி, வாசல் அறைக்குள் போய், இணையப் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பிளக்கோடு சேர்ந்து கொஞ்சம் சுண்ணாம்பும் வந்தது. தேநீர் குடித்துக்கொண்டிருந்த காவலாளி எழுந்துவிட்டார்.

"இன்னாமா, கரண்டு கிரண்டு அடிச்சிருச்சா? மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போய்க்கீது?"

மேலே வந்தபோது மகள் அதே இடத்தில் நின்றிருந்தாள். "எவ்ளோ நாளா?" என்றாள். தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "யாரெல்லாம் பாத்தாங்க?" என்றாள். அதை எப்போதும் சொல்ல முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பள்ளிக்கு விடுப்பு போட்டேன். கணினி தன்னிடம் வந்துபோகிறவர்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை வரி வரியாகப் படித்தேன். முதல் அந்நியன் பதினொரு மாதத்துக்கு முன் நுழைந்திருக்கிறான். கேமரா மென்பொருளில் இருந்த ஒரு ஓட்டை வழியாக, பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல். அந்த ஓட்டையைப் பற்றிய அறிவிப்பையும் தேடிப் படித்தேன். அது வெளிவந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அடைப்பும் அதே நாளில் வந்திருந்தது. ஞாயிறு காலை பத்து நிமிடம் கீழே போயிருந்தால் போதும். அந்த வாரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவில்லை. பெரிய இடைஞ்சல் ஏதாவது நினைவுக்கு வந்திருந்தால்கூட ஒரு சாக்காக இருந்திருக்கும்.

பிறகு செய்ததை எழுதலாமா என்று நெடுநேரம் தயங்கினேன். அந்தக் கணினி இருபது நாள் பதிவுகளை வைத்திருக்கும். அந்நியர்கள் என்ன பார்த்திருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, மூன்றாம் மாடிக் கேமராவின் பதிவைத் திறந்தேன்.

மகள் கல்லூரியிலிருந்து வரும் நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு நகர்த்தினேன். லிஃப்ட் இருப்பதால் எங்கள் படிக்கட்டை யாரும் பயன்படுத்துவதில்லை. அவள் படியேறி வருகிறாள். வீட்டுக்குப் பத்துப் படி கீழே உட்காருகிறாள். பையை மடியில் வைத்து அதன்மேல் தலையைக் கவிழ்க்கிறாள். முதுகு குலுங்குவது தெரிகிறது. சத்தம் இல்லாத படம். பதினோரு நிமிடம். பிறகு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்து, கைபேசியைக் கண்ணாடியாக்கி முகத்தைப் பார்க்கிறாள். சிரித்துப் பார்க்கிறாள். சரியாக வரவில்லை போல, இன்னொரு முறை சிரிக்கிறாள். எழுந்து வந்து மணியை அடிக்கிறாள். கதவு திறக்கிறது. கரண்டி பிடித்த ஒரு கை தெரிகிறது. என் கை.

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. "பசிக்குதும்மா" என்று சிரித்துக்கொண்டு உள்ளே வந்தாள். பெண் நன்றாக இருக்கிறாள் என்று நிம்மதியாகத் தோசை ஊற்றினேன்.

இருபது நாளில் ஆறு நாள் அப்படி உட்கார்ந்திருந்தாள். ஆறையும் பார்த்தேன். மூன்றாவதில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உலகத்தின் எந்த மூலையிலோ உட்கார்ந்து, யாரென்றே தெரியாத ஒரு பெண் அழுவதைப் பார்த்தவன்மேல் எனக்கு ஏற்பட்ட அருவருப்பு எப்படிப்பட்டதோ, அதே அருவருப்பு என் விரல்களின்மேல் ஏற்பட்டது. எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

அன்று மாலை அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"காலையில பூரா கீழதான் உக்காந்திருந்தியாம். வாட்ச்மேன் அங்கிள் சொன்னாரு. நீயும் பாத்தியா?"

"எதை?"

"அம்மா."

"பாத்தேன்."

"எல்லாத்தையுமா?"

நான் அடுப்பை அணைத்தேன். அவள் என் கையைப் பார்த்தாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா நீ சொல்லியிருக்க மாட்ட."

"ஆமா, சொல்லியிருக்க மாட்டேன். அதுக்குத்தான் படிக்கட்டுல உக்காந்தேன்."

இரண்டு பாடங்களில் அரியர் விழுந்திருந்ததை அப்போதுதான் சொன்னாள். அதுவும் எனக்காக இல்லை, இனி மறைக்க இடமில்லை என்பதற்காகச் சொன்ன மாதிரி இருந்தது. மறுநாள் கல்லூரிக்குப் புறப்பட்டவள் வீட்டுக் கதவுக்கு வெளியே போனதும் குடையை விரித்தாள். படிக்கட்டில், கூரைக்கு அடியில், விரித்த குடையோடு இடித்து இடித்து இறங்கினாள். "நான் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன்டி" என்றேன். அவள் திரும்பவில்லை.

குழுவில் நான் எழுதிய செய்தி இரண்டே வரி. நம் கேமராக்கள் வெளியாட்கள் பார்க்கும்படி இருந்தது தெரியவந்திருக்கிறது, இணைப்பைத் துண்டித்துவிட்டேன், சனிக்கிழமை பேசுவோம். முதல் பதில் "எங்க ஃப்ளாட் டோர் தெரியுமா?" இரண்டாவதும் அதுவே. மூன்றாவது ஆள் "லிங்க் ப்ளீஸ்" என்று எழுதினார். அப்புறம் இன்னும் மூன்று பேர் லிங்க் கேட்டார்கள். சும்மா செக் பண்ணத்தான் என்று ஒருவர் கண்ணடிக்கும் பொம்மை ஒன்றையும் சேர்த்திருந்தார். இவர்கள் என் மகளைச் சிறு குழந்தையிலிருந்து பார்த்தவர்கள். அவளுடைய பிறந்தநாள் கேக்கைத் தின்றவர்கள். இந்தக் காலத்தில் ஹேக்கர்கள் யாரைத்தான் விடுகிறார்கள், மேடம் பாவம் என்ன செய்வார்கள் என்று யாரோ எழுதினார்கள். அதை மட்டும் நான் மறுக்கவில்லை. மூன்று நாள் அந்தப் பரிதாபத்துக்குள் ஒளிந்திருந்தேன்.

சனிக்கிழமை மாலை வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம். செயலாளர் கவலையாகத்தான் ஆரம்பித்தார். ஐந்து நிமிடத்தில் கவலை வேறு பக்கம் போனது.

"மேடம், அந்த டிஸ்க்கை மட்டும் அழிச்சிடாதீங்க. பின்சுவர் ஓரமா யாரோ குழந்தை டயப்பரை மூட்டை கட்டி எறியறாங்க. இருபது நாள் ஃபுட்டேஜ் இருக்குன்னு சொன்னீங்க இல்ல? ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் உக்காந்து பாத்துடலாம்."

"ஸ்க்ரீன் பெருசா வெச்சா நல்லா இருக்கும்" என்றார் லிங்க் கேட்டவர்களில் ஒருவர்.

"அதுல படிக்கட்டுப் பதிவும் இருக்கு சார்" என்றேன்.

"இருக்கட்டுமே! வெளியாளா பாக்கப் போறான்? நாமதானே."

அப்போதுதான் லிஃப்ட் கதவு திறந்து மகள் வெளியே வந்தாள். கடைக்குப் போகிறாள். மழை இல்லை, வெயிலும் போய்விட்டது. தலைக்குமேல் காங்கிரீட் கூரை. குடை விரித்திருந்தது. கூட்டம் மொத்தமும் திரும்பியது.

"என்னம்மா, பார்க்கிங்குள்ளயே மழையா?" என்றார் செயலாளர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"கேமரா இருக்கு அங்கிள்."

"அதான் ஆஃப் பண்ணியாச்சே! உங்கம்மாதானே பண்ணாங்க!"

"ஆஃப்ல இருக்குன்னு அது மூஞ்சில எழுதியா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே குடையைச் சாய்க்காமல் நடந்து போனாள். செயலாளர் தலையைக் கொஞ்சம் ஒதுக்க வேண்டியிருந்தது.

நான் எழுந்தேன். "ஹேக்கர் மேல பழி போட வேண்டாம். அஞ்சு வருஷமா அந்த மெஷினுக்கு நான் அப்டேட் போடலை. நிச்சயதார்த்தத்தன்னிக்கு நீங்க எல்லாரும் திட்டினீங்க, கோவத்துல நிறுத்தினேன். திட்டினது நீங்க, நிறுத்தினது நான். இந்த ஓட்டைக்கு மருந்து இலவசமா வந்து ரெண்டரை வருஷமா வாசல்ல நின்னுது. நான் கதவத் திறக்கலை" என்றேன்.

யாராவது என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செயலாளர்தான் தொண்டையைச் செருமினார்.

"அதான் மேடம் நான் அன்னிக்கே சொன்னேன். அதுல கை வெக்காதீங்கன்னு."

அந்த வாக்கியத்தை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. கை வைக்காததால்தான் இப்படி ஆனது என்று ஒரு நிமிடம் முன்பு தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் தலையாட்டியது அவருக்கு.

மறுநாள் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஸ்க்ரூடிரைவரோடு வாசல் அறைக்குப் போனேன். அப்போதுதான் அந்த நாற்றம். பொரியையும் தூசியையும் அள்ளிக் கொட்டி, பிரஷ்ஷால் துடைத்து, திரும்ப மூடி, வயரைச் செருகி, முதலில் பழைய இயங்குதளத்தையே புதுப்பித்துப் பார்க்க முயன்றேன். புதிய கோப்புகள் கிடைக்க வேண்டிய முகவரியிலிருந்து அப்படி ஒன்றும் இங்கே இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிப்பையே அந்த இடத்திலிருந்து காலிசெய்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வருடக்கணக்காகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. புதிய பதிப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தேன். வட்டு முழுவதையும் அழித்துவிட்டுத்தான் அதை நிறுவ வேண்டும்.

காவலாளி ஈரத்துணியோடு நின்றார். "யம்மா, செகரட்டரி சார் போன் பண்ணாரு. அந்த டயப்பர் படத்த எதுலியாவது காப்பி எடுத்து வெக்கச் சொன்னாரு."

"எடுக்கல. நானே சொல்லிக்கறேன்."

"அத்தான் கரீட்டு. எவன் போட்டா இன்னா, டெய்லி அள்றது நான்தான? நானே பாத்துக்கிறேன் வுடு." பிறகு மேல் தகட்டைக் காட்டினார். "இந்தப் பொட்ட இன்னா பண்றது?"

"தொடச்சிடுங்க."

அவர் தயங்கியதால் துணியை நான் வாங்கினேன். சந்தனம் கட்டியாகப் பெயர்ந்து வந்தது. துணி சிவந்தது. குங்குமம் இருந்த இடங்களில் பெயின்ட் அரித்துத் துரு ஏறியிருந்தது.

வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா என்று திரையில் வந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. மகள். அந்த அறைக்குள் கேமரா இல்லை என்று அவளுக்குத் தெரியும், குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். திரையைப் படித்தாள்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"காப்பி?"

"இல்ல."

"தள்ளு" என்றாள். நான் நாற்காலியை நகர்த்தினேன். அவள் உட்காராமல் குனிந்து பொத்தானை அழுத்தினாள். அழித்து முடிகிறவரை நின்று பார்த்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

மதியத்துக்குள் படிக்கட்டுக் கேமராக்கள் மூன்றையும் கழற்றினேன். யாரிடமும் கேட்கவில்லை. வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை மூடினேன். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே இறங்கும்படியும், வியாழன்தோறும் காலை எட்டு மணிக்குக் கணினி ஒரு முறை அணைந்து எழும்படியும் அமைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊரில் நிச்சயதார்த்தம் நடக்கும்.

இரண்டாவது வியாழன் காலை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செயலாளர் கூப்பிட்டார். கையில் சட்னி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், இப்ப கீழ போறேன், கேமரா ஸ்க்ரீன் கருப்பா இருக்கு. போன வாரமும் இப்படித்தான் ஆச்சாம், ஆறு நிமிஷம். திரும்ப அந்த அப்டேட் வேலைய ஆரம்பிச்சிட்டீங்களா? பசங்க ஸ்கூலுக்குப் போற நேரம் மேடம். நல்லா ஓடிக்கிட்டிருக்கு, அதை நிறுத்திடுங்க."

ஐந்து வருடத்துக்கு முன் எழுத்தில் படித்த அதே தொனி, இப்போது குரலில். இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த மகளின் கை நின்றது. அவள் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைய கட்டை விரல்கள் அத்தனையும் என் கண்முன் வந்தன.

"நிறுத்த மாட்டேன் சார்."

"இல்ல மேடம், கமிட்டில எல்லாரும்..."

"கமிட்டி வேற ஆளப் பாத்துக்கட்டும். அதுவரைக்கும் அடுத்த வியாழக்கிழமையும் கருப்பாகும், அதுக்கடுத்த வியாழக்கிழமையும் கருப்பாகும். அந்த ஆறு நிமிஷம் எல்லாரையும் செருப்ப மட்டும் உள்ள எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க."

அவர் வைத்துவிட்டார். அல்லது நான்தான் சட்னிக் கையால் அழுத்தினேனோ என்னவோ. மகள் சிரிப்பாள் என்று ஒரு நப்பாசை இருந்தது. அவள் சிரிக்கவில்லை. மிச்ச இட்லியை முடித்தாள். கை கழுவி வந்து, "அடுத்த வியாழக்கிழமையும் செய்வியா?" என்று மட்டும் கேட்டாள். செய்வேன் என்றேன். பையை மாட்டி, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கதவுக்கு வெளியே குடை விரியும் சத்தம் கேட்டது. கேமரா இருந்த இடத்தில் இப்போது இரண்டு ஆணித் துளைகள்தான் இருக்கின்றன. ஆனாலும் விரித்தாள். நான் பால்கனிக்குப் போய் நின்றேன். சற்று நேரத்தில் கீழே குடை வெளியே வந்தது. வாசல் கம்பத்துக் கேமராவின் பக்கமாகச் சாய்ந்தபடி கேட்டைத் தாண்டியது. பத்தடி போனதும் அவள் நின்று திரும்பிக் கம்பத்தைப் பார்த்தாள். பிறகு குடையை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நிழலே இல்லாத ஏரிக்கரைச் சாலையில், சுளீரென்று அடிக்கும் வெயிலில் பஸ்ஸுக்கு நடந்தாள்.